பன்னெண்டே நாள்ல படிச்சவ

அக்கா, காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வெச்சுக்கிறீங்களா? சார்ட்டு மிதிபட்டுடும். தேங்க்ஸ்க்கா. வெயிட்டெல்லாம் இல்ல, நான் மடியில வெச்சுக்குவேன், ஆனா மடங்கிடும். திருவள்ளூர் வரைக்கும் மடங்காமப் போய்ச் சேந்தா போதும். நீங்களும் திருவள்ளூரா? ஆஸ்பத்திரிக்கா? ஓ, மருமகளுக்கா! எத்தனாவது மாசம்? எட்டா! நல்லபடியா ஆவும்க்கா, கவலப்படாதீங்க.

டீச்சரான்னா... டீச்சர்தான். ஆனா கவர்மெண்டு டீச்சர் இல்ல. டிரெய்னிங் முடிச்சேன், பரீட்சை எழுதினேன், பாஸும் பண்ணிட்டேன். போஸ்டிங் எப்போ வரும்னு கேக்காதீங்க, எங்கம்மா தினமும் கேக்குது, அது போதும். இப்போதைக்கு ஒரு டிரஸ்டு மூலமா தன்னார்வலரா இருக்கேன். காரணிமேடு ஸ்கூல்ல. பேரு மோனிஷா. பிள்ளைங்க மோனி மிஸ்ஸுன்னு கூப்பிடும்.

இந்த ரோட்டுல வரும்போது பெரிய பெரிய புகைபோக்கி பாத்திருப்பீங்களே? செங்கல் சூளைங்க. அங்க வேலை பாக்குறது நம்ம ஆளுங்க இல்லக்கா, எல்லாம் ஒடிசா. பொங்கலுக்கு முன்னாடி குடும்பம் குடும்பமா வருவாங்க, செங்கல் அறுப்பாங்க, மழை புடிக்கறதுக்குள்ள ஊருக்குப் போயிடுவாங்க. ஆறு மாசம். பிள்ளைங்களும் கூடவே வரும். அதுங்களை ஸ்கூலுக்குக் கூட்டிட்டு வந்து தமிழ் சொல்லிக்குடுக்கறதுதான் என் வேலை. கேக்க சின்ன வேலையாத் தெரியும். செஞ்சு பாத்தாதான் தெரியும்.

இன்னிக்கு மாவட்டக் கூட்டம்க்கா. சிறந்த கற்பித்தல் முறைன்னு மூணு பேரை செலக்ட் பண்ணியிருக்காங்க, அதுல நான் ஒருத்தி. சிரிக்காதீங்க, நெஜமாத்தான்! பத்து நிமிஷம் மேடையில பேசணும். சுருபாலியைப் பத்திப் பேசணும். அதை நெனச்சு காலையிலேர்ந்து ஒரு இட்லி கூட எறங்கல.

சுருபாலின்னா ஒரு பொண்ணுக்கா. அவ அஞ்சாங் கிளாஸ்ல சேந்துட்டாளா இல்லையான்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சுக்க வழியும் இல்ல. சொல்றேன், இருங்க, மொதல்லேர்ந்து சொல்றேன். உங்களுக்குத் தூக்கம் வந்தா சொல்லிடுங்க, எங்க வீட்டுல எல்லாம் மூஞ்சிக்கு நேராவே சொல்லிடுவாங்க.

ஜனவரி இருபது. நான் சூளைக்கே போய் மேஸ்திரிகிட்டக் கெஞ்சி, பதினோரு பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்தேன். வரிசையா, கையைப் புடிச்சிக்கிட்டு, ரோட்டு ஓரமா. எட்டு வாண்டுங்க, மூணு பெருசு. அதுல ஒருத்திதான் இந்த சுருபாலி. பத்து, பதினொண்ணு வயசிருக்கும். எண்ணெய் காணாத செம்பட்ட முடி, நீளப் பாவாடை, மேல யாரோ குடுத்த ஆம்பளப் பிள்ளை சட்டை. ஆனா அந்தக் கண்ணு இருக்கே! நம்மளையே பாத்துக்கிட்டிருக்கும்க்கா. ஏதோ நாமதான் பரீட்சை எழுதற மாதிரி, அவ நம்மளைக் காவல் காக்குற மாதிரி.

எங்க எச்.எம். பேரு வசந்தகோகிலம். அஞ்சு கிளாஸுக்கும் அவங்களும் இன்னொரு டீச்சரும்தான். ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் ரெண்டு வருஷம். எதுக்கும் அசைய மாட்டாங்க, பாம்பு வந்தாக் கூட, "இன்னாமா, ரெஜிஸ்டர்ல பேர் இருக்கா அதுக்கு?"ன்னு கேக்குற ரகம். அவங்க சுருபாலியை மேலயும் கீழயும் பாத்துட்டு, "ஏம்மா மோனிஷா, இந்தப் பொண்ணு பெருசா இருக்கே. வயசுக்கேத்த கிளாஸ்ல போடணும்னு ரூல் இருக்கு. நாலாவதுல எழுதிக்கட்டுமா?"ன்னாங்க.

நான் பதறிட்டேன். "மேடம், அவளுக்கு ஒரு எழுத்து தெரியாது மேடம். நாலாவதுல உக்காந்து முழிக்கறதுக்கா? ஒண்ணாவதுல என்கிட்டயே விடுங்க. அடித்தளம் முக்கியம் மேடம்"னேன்.

அடித்தளம்! டிரெய்னிங்ல கத்துக்கிட்ட வார்த்தை. அதைச் சொன்னா யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க. எச்.எம்.மும் ஒண்ணாவதுன்னே எழுதிக்கிட்டாங்க.

அப்போ நான் ஒரு புது முறை கண்டுபிடிச்சு வெச்சிருந்தேன்க்கா. மண்ணெழுத்து. பேரு எப்படி? நானே வெச்சது. இந்தப் பிள்ளைங்களுக்குப் புத்தகம் தெரியாது, சிலேட்டு தெரியாது. ஆனா மண்ணு தெரியுமில்ல? பொறந்ததுலேர்ந்து மண்ணுலதானே இருக்குதுங்க? அப்போ மண்ணுலேர்ந்தே ஆரம்பிச்சா என்ன? களிமண்ணைப் பிசைஞ்சு அதுல 'அ' செய்யணும், 'ஆ' செய்யணும், காய வெக்கணும், வர்ணம் அடிக்கணும். மண்ணு எங்கேர்ந்து? சூளையிலேர்ந்தே ஒரு சாக்கு வாங்கிட்டு வந்தேன். தெரிஞ்சதுலேர்ந்து தெரியாததுக்கு! புஸ்தகத்துலயே இருக்கு அது.

எச்.எம். வாசல்ல நின்னு பாத்துட்டு, "ஏம்மா, அதுங்க விடியக்காலம் மூணு மணிக்கு எழுந்து அப்பா ஆத்தா கூட இதே மண்ணுல கல் திருப்பிப் போட்டுட்டுத்தானே வருதுங்க. இங்கயும் மண்ணா?"ன்னாங்க. நான் சிரிச்சேன். பழைய காலத்து ஆளு, புது முறை புரியாதுன்னு நெனச்சேன். ஒரு பையன் மண்ணைக் கையில வெச்சிக்கிட்டே உக்காந்தவாக்குல தூங்கிட்டான். அதைக் கூட நான், பாருங்க எவ்ளோ நிம்மதியா ஃபீல் பண்றான்னு போட்டோ எடுத்து குரூப்புல போட்டேன்.

ஆனா சுருபாலி! மொத நாள் அட்டெண்டன்ஸ் எடுக்கறேன், அவ பேரைக் கூப்பிடறேன், "உள்ளேன் மிஸ்"ங்கறா! எனக்கு அப்படியே புல்லரிச்சுப் போச்சு. மத்த ரெண்டு பேர் சொன்னதைக் கேட்டே புடிச்சிக்கிட்டா போலிருக்குன்னு. மதியம் சாப்பாட்டு மணி அடிச்சா, நான் சொல்லாமயே தட்டை எடுத்துட்டு வரிசையில நிக்கறா, குட்டிங்களையும் இழுத்து நிக்க வெக்கறா. என்ன ஒரு கவனிப்பு! நான் எங்கம்மாகிட்டச் சொன்னேன், அம்மா எனக்கு ஒரு வைரம் கெடச்சிருக்குன்னு.

ரெண்டாம் நாள் ரெண்டு எழுத்து. மூணாம் நாள் மூணு எழுத்து. ஒரு நாள் கூடத் தவறல. தெனமும் ஒரு நோட்டுல எழுதி வெச்சேன்க்கா, இன்னிக்கு எத்தனை, நேத்து எத்தனைன்னு. கோடு போட்டுப் பாத்தா அப்படியே நேரா மேல போவுது. ஒரு தடவை நான் 'ங' சொல்லிக் குடுத்துட்டுத் திரும்பினா, பின்னாடி 'ச' செஞ்சு வெச்சிருக்கா! அதை நான் இன்னும் நடத்தவே இல்ல! என்னைப் பாத்ததும் சட்டுன்னு கையால அழிச்சுட்டா. கூச்சம்னு நெனச்சேன். கட்டிப் புடிச்சு ஒரு பென்சில் குடுத்தேன். என் கையைப் புடிச்சிக்கிட்டு விடவே இல்ல.

பன்னெண்டு நாள்க்கா. பன்னெண்டே நாள்ல உயிரெழுத்து, மெய்யெழுத்து எல்லாம் முடிச்சா. தமிழே தெரியாத பொண்ணு. நான் வீடியோ எடுத்து டிரஸ்டுக்கு அனுப்பினேன். அவங்க எங்கெங்கயோ போட்டு, நாலாயிரம் பேர் பாத்துட்டாங்க. எங்க மாமா துபாய்லேர்ந்து போன் பண்ணி, "ஏய் மோனி, நீயாடி அது!"ங்கறாரு. என் வாழ்க்கையில அந்த மாமா எனக்குப் போன் பண்ணதே இல்ல.

பிப்ரவரியில கல்வி அதிகாரி வந்தாரு. பி.இ.ஓ. சார். சுருபாலியை முன்னாடி நிக்க வெச்சேன். அவர் 'அணில்'னு எழுதிக் காட்டினாரு, படிச்சா. 'இலை', படிச்சா. கை தட்டினாரு. அப்புறம் புஸ்தகத்தைப் பின்னாடி திருப்பி, ஒரு குட்டிக் கதை இருக்கும், அதை எடுத்து, "இதைப் படிம்மா"ன்னாரு. அவ புஸ்தகத்தைப் பாக்கல. என்னைப் பாத்தா. நான் ஓடிப் போய், "சார், அது இன்னும் நடத்தல சார்"னேன். அவ பார்வை என்னன்னு எனக்கு அப்போ புரியல. பயந்துட்டான்னு நெனச்சேன். இப்போ நெனச்சா, படிக்கட்டுமான்னு கேட்டாளோ என்னவோ.

மார்ச்சுல எச்.எம். திரும்பக் கேட்டாங்க. "ஏம்மா, அந்தப் பொண்ணு எழுத்தெல்லாம் முடிச்சிட்டாளே. இப்பவாவது நாலாவதுக்கு மாத்திடலாமா? மாசக் கடைசிக்குள்ள கம்ப்யூட்டர்ல ஏத்தணும், அப்புறம் மாத்த முடியாது." நான் என்ன சொன்னேன்னா... அக்கா, நீங்க என்னைத் தப்பா நெனக்கக் கூடாது. ஏப்ரல்ல டிரஸ்டு ஆளுங்க சென்னையிலேர்ந்து என் கிளாஸைப் பாக்க வரதா இருந்துச்சு. ஒண்ணாங் கிளாஸ், மண்ணெழுத்து, அதைத்தான் பாக்க வராங்க. அவ அங்க இல்லேன்னா நான் எதைக் காட்டறது? "ஏப்ரல் முடியட்டும் மேடம், அவ இன்னும் கொஞ்சம் ஸ்ட்ராங் ஆகட்டும்"னேன். எச்.எம். கண்ணாடிக்கு மேல ஒரு பார்வை பாத்தாங்க. "உன் இஷ்டம்"னு சொல்லிட்டாங்க.

வந்தாங்க, பாத்தாங்க, டீ குடிச்சாங்க, போட்டோ எடுத்தாங்க, போனாங்க. முப்பது நிமிஷம் கூட இருக்கல.

ஏப்ரல் கடைசி. நான் அவளுக்குன்னு தனியா ஒரு சான்றிதழ் தயார் பண்ணேன். கலர் பிரிண்ட். ஓரத்துல தங்கக் கலர் ஸ்டார். 'ஒன்றாம் வகுப்பு. பன்னிரண்டே நாட்களில் எழுத்துகளைக் கற்றுச் சாதனை படைத்த மாணவி.' கீழ என் கையெழுத்து. அதை அவங்க வீட்டுலயே போய்க் குடுக்கணும்னு ஆசை. அம்மா அப்பா மூஞ்சியைப் பாக்கணுமில்ல?

வீடுன்னா என்ன, கல்லை அடுக்கி மேல தகரம் போட்டிருக்கும். குனிஞ்சுதான் போகணும். அவங்கம்மா பேரு துளசா. அப்பா டம்பரு. அப்பா கல் அறுத்துக்கிட்டிருந்தாரு, எழுந்து வரல, தூரத்துலேர்ந்து கும்பிட்டாரு. துளசா கையைப் பாவாடையில தொடச்சிக்கிட்டு அந்தக் காகிதத்தை வாங்கினா. ரெண்டு கையாலயும். கண்ணுல ஒத்திக்கிட்டா. இதுக்குத்தானே டீச்சரானோம்னு இருந்துச்சு.

அப்புறம் உள்ள போனா. ஒரு ஜவுளிக்கடைப் பையை எடுத்துட்டு வந்தா. அதுக்குள்ளேர்ந்து காகிதம் எடுக்கறா. ஒண்ணு. ரெண்டு. மூணு. எனக்குக் காட்டறதுக்குத்தான், பெருமையா.

மூணும் சான்றிதழ்க்கா. மூணும் தமிழ்ல.

ஒண்ணு செங்கல்பட்டு பக்கம். ஒண்ணாம் வகுப்பு, மிக நன்று. இன்னொண்ணு காஞ்சிபுரம் பக்கம். ஒண்ணாம் வகுப்பு, வியக்கத்தக்க முன்னேற்றம். மூணாவது செங்குன்றம் பக்கம், போன வருஷம். ஒண்ணாம் வகுப்பு, பதினைந்தே நாட்களில் எழுத்துகளைக் கற்ற சிறுமி. இப்படிக்கு, சு. பிரியங்கா, தன்னார்வலர். அந்தப் பிரியங்கா யாருன்னே எனக்குத் தெரியாது. கையெழுத்துக்குப் பக்கத்துல ஒரு பூ வரைஞ்சிருக்கா. நானும் பூ போடுவேன்க்கா.

துளசா அந்த மூணையும் என்னோடதையும் தரையில வரிசையா வெச்சா. ஒவ்வொண்ணா தொட்டு விரல் மடக்கறா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அப்புறம் அஞ்சாவது விரலை நீட்டி, அந்தப் பக்கம் காட்டறா, ஊர்ப் பக்கம். சிரிக்கறா. எனக்கு அவ பாஷை ஒரு வார்த்தை தெரியாது. ஆனா இது புரிஞ்சுது. ஒவ்வொரு காகிதமும் ஒவ்வொரு கிளாஸுன்னு நெனச்சிக்கிட்டிருக்கா. ஒண்ணாவது, ரெண்டாவது, மூணாவது, நாலாவது. இனிமே அஞ்சாவது. ஊர்ல சேத்துடுவா.

நான் சுருபாலியைப் பாத்தேன். அவ கல்லு மேல உக்காந்து பாவாடை நுனியைத் திருகிக்கிட்டிருந்தா.

"ஏண்டி, உனக்கு எழுத்தெல்லாம் முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் மிஸ்."

எவ்ளோ அழகா தமிழ் பேசறா தெரியுமாக்கா? மூணு மாசத்துல நான் அவ கூடப் பேசிப் பாத்ததே இல்ல. சொல்லு, திருப்பிச் சொல்லு, அவ்ளோதான்.

"தெரியும்னா ஏண்டி சொல்லல?"

"மிஸ் கேக்கல."

நான் கேக்கலியா? யோசிச்சுப் பாத்தேன். கேக்கலதான். பதினோரு பேரையும் பாத்த உடனே தெரியாதுன்னு நானே எழுதிக்கிட்டேன்.

"சொல்லியிருக்கலாமில்ல?"

அதுக்கு அவ சொன்னதை அப்படியே சொல்றேன். "ரெண்டாவது ஸ்கூல்ல சொன்னேன் மிஸ், தெரியும்னு. அந்த மிஸ் மூஞ்சி இப்டி ஆயிடுச்சு. சரி, மூணாவது போன்னு சொல்லிச்சு. மூணாவதுல சார் போர்டுல எழுதும், பசங்க எழுதும். எனக்கு ஒண்ணும் புரில. பின்னாடி உக்காந்தேன். யாரும் என்கிட்ட வரல. சோறு சாப்டு, வீட்டுக்குப் போ. பத்து நாள். அப்புறம் ஒண்ணாவதுக்கே வந்துட்டேன். தெரியாதுன்னு சொன்னா மிஸ் பக்கத்துல உக்காருது. கையைப் புடிக்குது. நல்லா சிரிக்குது."

"அப்போ அந்தப் பன்னெண்டு நாள்?"

"ஒரே நாள்ல எழுதிட்டா மிஸ்ஸுக்கு வேலை இருக்காதே. ஒரு நாளைக்கு ரெண்டு, மூணு."

நான் நோட்டுல கோடு போட்டேனேக்கா! நேரா மேல போன கோடு! அதை அவதான் போட்டுக் குடுத்திருக்கா, ஒரு நாளைக்கு ரெண்டு, மூணுன்னு. நான் அவளுக்குச் சொல்லிக்குடுத்தேனா, அவ எனக்கு வேலை குடுத்தாளான்னே தெரியல.

நான் கெளம்பும்போது அவ கேட்டா. "மிஸ், எழுத்து முடிஞ்சதும் அப்புறம் என்ன இருக்கு?"

எனக்குப் புரியல. என்னடி கேக்கறேன்னேன்.

"எல்லா ஸ்கூல்லயும் எழுத்து முடிஞ்சதும் படம் போட்ட வார்த்தை. அணில், ஆடு. அதோட மழை வந்துடுது. போயிடறோம். அதுக்கப்புறம் என்ன இருக்கு மிஸ்?"

நாலு வருஷமா ஒரே பக்கத்துல நிக்குது அந்தப் பொண்ணு. பி.இ.ஓ. சார் பக்கத்தைத் திருப்பும்போது நான்தான் ஓடிப் போய் மூடினேன்.

ஸ்கூலுக்கு ஓடினேன். "மேடம், அவளை நாலாவதுன்னு மாத்திடுங்க மேடம், நாலாவது பாஸுன்னு போட்டு டி.சி. குடுங்க"ன்னு கத்தறேன். எச்.எம். அசையாம, "ஏத்தியாச்சும்மா. ஒண்ணாவதுன்னு ஏத்தி, மேல ஒப்புதலும் வந்தாச்சு. இப்போ கை வெச்சா ஏன் மாத்தினேன்னு எனக்கு மெமோ வரும்"னாங்க. நான் அழுதேன். அவங்க ஒண்ணும் திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். "நானும் ரெண்டு தடவை கேட்டேன்னு சொல்லிக்கலாம். ஆனா அடிச்சுக் கேக்கலியே. ஒண்ணாவதுல பதினோரு தலை கூடினா எனக்கும் நல்லதுதானே"ன்னாங்க. தலை எண்ணிக்கை குறைஞ்சா ஸ்கூலை மூடிடுவாங்கக்கா. அந்தப் பயம் அவங்களுக்கு.

சரி, விடக் கூடாதுன்னு மே மாசம் பூரா சூளைக்கே போனேன். லீவுதான், யாரும் சம்பளம் குடுக்கல, ஆனா போனேன். ரெண்டாங் கிளாஸ் புஸ்தகம், மூணாங் கிளாஸ் புஸ்தகம், எல்லாம் எடுத்துட்டு. மண்ணெல்லாம் இல்ல, வெறும் புஸ்தகம். அவளுக்கு மத்தியானம் ஒரு மணி நேரம்தான் கெடைக்கும். அவ கல்லைக் காயத் திருப்பிப் போடலேன்னா அப்பாவுக்கு அன்னிக்கு ஆயிரம் கல்லு இவ்ளோன்னு கூலிக் கணக்கு வராது. உக்காந்த உடனே கண்ணு சொருகும். ஆனா படிப்பா. கடகடன்னு படிப்பா! ஒரு பத்தி முழுக்க, ஒரு எழுத்து தப்பில்லாம. படிச்சு முடிச்சுட்டு என்னைப் பாப்பா.

"என்ன புரிஞ்சுது?"

"எழுத்து புரிஞ்சுது மிஸ்."

வார்த்தை? அது அவளுக்கு யாரும் குடுக்கலியே. சாப்பாடு, தண்ணி, வரிசை, கல்லு, மேஸ்திரி, மிஸ், இவ்ளோதான் அவ தமிழ். நெல்வயல்னா என்னன்னு கேட்டா தெரியாது. அவங்கப்பாவே நெல்லு வெளையிற ஊர்க்காரருதான், அவங்க பாஷையில அதுக்கு என்ன வார்த்தைன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பேன். போன்ல தேடினேன், போன்ல வந்த வார்த்தையைச் சொன்னா அவ விழுந்து விழுந்து சிரிக்கறா. அவங்க ஊர்ல அப்படிச் சொல்ல மாட்டாங்களாம். பதினாறு நாள் போனேன். ரெண்டாங் கிளாஸ் புஸ்தகத்துல எட்டுப் பக்கம். அவ்ளோதான்க்கா முடிஞ்சுது. ஒன்பதாவது பக்கத்துல மழை வந்துடுச்சு.

துளசாகிட்டச் சொல்லிப் பாத்தேன். நாலும் ஒண்ணுதான், நாலும் ஒரே கிளாஸுதான்னு. எப்படிச் சொல்றது? நான் ஒரு விரலைக் காட்டறேன். அவ தலையாட்டிட்டு நாலு விரலைக் காட்டறா. நான் சுருபாலியைச் சொல்லச் சொன்னேன். அவ அம்மாவைப் பாத்தா, என்னைப் பாத்தா. அப்புறம் என்னமோ சொன்னா, அவங்கம்மா சந்தோஷமா எனக்கு ஒரு டம்ளர் டீ கொண்டு வந்து குடுத்தா. என்னடி சொன்னேன்னேன். "மிஸ்ஸுக்கு டீ வேணும்னு சொன்னேன்"ங்கறா. அவளாலயும் சொல்ல முடியல. நாலு வருஷமா அம்மா பத்திரமா மடிச்சு வெச்ச காகிதம். எப்படிச் சொல்லுவா?

ஸ்கூல் தெறந்து ரெண்டாம் நாள். போன வாரம்தான்க்கா. மேஸ்திரி போன் பண்ணாரு. "மிஸ், சாயங்காலம் நாலு மணிக்கு வண்டி. உங்க பொண்ணு அழுவுது"ன்னாரு. உங்க பொண்ணுன்னாருக்கா.

எனக்கு ஒரே ஒரு யோசனைதான் வந்துச்சு. அவங்க ஊர் ஸ்கூல்ல எச்.எம். யாராவது இருப்பாங்கல்ல? அவங்களுக்கு ஒரு கடிதம். எச்.எம். ரூம்ல உக்காந்து, ஸ்கூல் லெட்டர்பேடுல எழுதினேன். 'மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு. இந்த மாணவிக்குப் பதினொரு வயது. இவளை மறுபடியும் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிடாதீர்கள். இவளிடமுள்ள நான்கு சான்றிதழ்களும் எங்கள் தவறு, அவளுடையது அல்ல. அவளுக்குக் கற்கும் ஆற்றல் மிக அதிகம். தயவுசெய்து ஐந்தாம் வகுப்பில் சேர்த்து, அருகில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.' அந்தக் கடைசி வரியை நான் ரொம்ப யோசிச்சு எழுதினேன்க்கா. அருகில் உட்கார்ந்து. மூணு தடவை திருப்பி எழுதினேன், அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாதுன்னு. என் கையெழுத்து நல்லா இருக்கும், ஜில்லா அளவுல பரிசு வாங்கியிருக்கேன். எச்.எம்.கிட்ட நீட்டினேன். அவங்க புது அட்மிஷன் கூட்டத்துல மாட்டிக்கிட்டு இருந்தாங்க. படிச்சாங்க. "நல்லா எழுதியிருக்கம்மா"ன்னு சொல்லி, சீல் குத்தி, பச்சை மையில கையெழுத்துப் போட்டாங்க. மெமோ வந்தா வரட்டும்னாங்க. அந்த அம்மா அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்ல.

எங்க அண்ணன் வண்டியை எடுத்துட்டுப் பறந்தேன். பெரிய பஸ், மேல பூரா மூட்டை, பாத்திரம், ஒரு சைக்கிள். ஜன்னல் ஓரத்துல சுருபாலி. நான் கடிதத்தை நீட்டறேன், அவ வாங்கறதுக்குள்ள துளசா வாங்கிட்டா. சீலைப் பாத்தா. விரலால தடவிப் பாத்தா. அப்படியே அந்த ஜவுளிக்கடைப் பையைத் தெறந்து, நாலோட அஞ்சாவதா வெச்சிக்கிட்டா. என்னைப் பாத்து அஞ்சு விரலையும் விரிச்சுக் காட்டினா. அதை டாட்டான்னு எடுத்துக்கிறதா, இல்ல இதையும் ஒரு கிளாஸாக் கணக்குப் போட்டுட்டாளோ, தெரியல.

"சுருபாலி, ஊருக்குப் போன உடனே ஸ்கூல்ல குடுக்கணும், மறக்காதே, எச்.எம். கையில குடுக்கணும்"னு பஸ் கூடவே ஓடினேன். "சரி மிஸ், சரி மிஸ்"ன்னா. போயிடுச்சு.

அவ்ளோதான்க்கா. இப்போ அந்தக் கடிதம்தான். அதை அந்த ஊர் எச்.எம். படிச்சுட்டார்னா அவ அஞ்சாவது. படிக்கலேன்னா, அடுத்த ஜனவரியில ஏதோ ஒரு சூளை, ஏதோ ஒரு மிஸ்ஸு, அ, ஆ. மேஸ்திரி சொல்றாரு, அடுத்த சீசன் தெலுங்கு பக்கம் போனாலும் போவாங்களாம். அப்போ வேற அ, ஆ. ஆனா நான் நல்லா எழுதியிருக்கேன்க்கா. கல்லு மனசுக்காரன் படிச்சாலும் கரைஞ்சுடுவான். அந்த நம்பிக்கையிலதான் ரெண்டு நாளா தூங்கறேன்.

என்னக்கா?

எந்த பாஷையிலயா?

தமிழ்லதான்க்கா. பின்ன...

...

அக்கா.

எச்.எம். சீல் போட்டாங்களே. அவங்களும் படிச்சாங்களே. மேஸ்திரி பக்கத்துலதான் நின்னாரு. யாருமே... அய்யோ. எனக்கு இங்கிலீஷ் வரும்க்கா, சுமாரா வரும், டிக்‌ஷனரி வெச்சிக்கிட்டு எழுதியிருக்கலாம். கம்ப்யூட்டர்ல கேட்டா ஒடியாவுலயே குடுத்திருக்கும். ஏதோ போன்லயாவது... நான் கையெழுத்து அழகா இருக்கணும்னு பாத்தேன். மூணு தடவை திருப்பி எழுதினேன்.

மேஸ்திரி நம்பரா? போட்டேன், நேத்தும் போட்டேன், வேற விஷயத்துக்கு. சீசன் முடிஞ்சா சிம்மையே மாத்திடுவாராம். ஊர்ப் பேரா? ஒடிசாவுல பொலாங்கிர் ஜில்லான்னு தெரியும். ஜில்லாவுல எந்த ஊருன்னு... ரெஜிஸ்டர்ல விலாசம்னு சூளை பேருதான் எழுதியிருக்கோம்.

இல்லக்கா, அழல. தூசு. நீங்க பையை எடுங்க, ஆஸ்பத்திரி ஸ்டாப்பு வந்துடுச்சு. கண்டக்டர், ஆஸ்பத்திரி ஒண்ணு! இருங்க சார், அக்கா எறங்கறாங்க.

வீணாப் போகாதுக்கா. சுருபாலி இருக்கால்ல? அவ படிச்சுக் காட்டுவா. அந்த ஜில்லாவுலயே அதைப் படிக்கத் தெரிஞ்ச ஆளு அவ ஒருத்தியாத்தான் இருப்பா. அந்த ஊர் எச்.எம். முன்னாடி நேரா நின்னு, ஒரு எழுத்து தப்பில்லாம, கடகடன்னு மொத்தத்தையும் படிச்சுடுவா. படிச்சு முடிச்சுட்டு அவர் மூஞ்சியைப் பாப்பா.